பன்னிரண்டு கம்பங்களுக்குச் சந்தனம்

தேரிவிளை துணைமின் நிலையத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு ஸ்பேனர்கூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. அது ஃபோர்மேன் முப்பிடாதி போட்ட சட்டம். ஏணி, ஜீப், தீயணைப்பு வாளி, பாம்பு பிடிக்கிற கம்பு, போன வருஷம் வந்து இன்னும் உறை பிரிக்காமலே கிடக்கும் ரோந்து ரோபோ என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு. மின்மாற்றிகளை மட்டும் தொட முடியாது என்பதால் தள்ளி நின்று கற்பூரம் காட்டுவார்கள்.

அது 2042. லைன்மேன் பேச்சிக்கண்ணுவின் கையில் ஒரு கிண்ணம் சந்தனம் மிஞ்சிவிட்டது. மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். வேலியோரம் நின்ற பன்னிரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கும் இடுப்புயரத்தில் தாராளமாக அப்பிவிட்டு வந்தான்.

அந்தக் கம்பங்கள் நிலையத்தின் சொத்து அல்ல. நிலையத்தைச் சுற்றியிருந்த ஆறாயிரம் ஏக்கர் செம்மண் தேரிக்காட்டை வாங்கிச் சூரியப் பூங்கா நடத்தும் கெல்மோரா என்ற கம்பெனியுடையவை. காற்றையும் தூசியையும் அளக்க வேண்டும், உங்கள் வேலிக்குள் நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரன் கேட்கிறான், கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஆட்சேபணை இல்லாக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் முப்பிடாதிதான். கெல்மோராவின் சொந்தக்காரர் யார் என்று அவர் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏதோ ஒரு தீவின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தீவில் அந்தக் கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி மட்டுமே இருந்தது.

கற்பூரம் அணைந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பூங்காவின் மானேஜர் கிஷோர் பைக்கில் பறந்து வந்தான். சென்னைப் பையன், மரியாதை தெரிந்தவன், வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் முகம் சிவந்துவிடும்.

"அண்ணாச்சி, கம்பத்துல யாரோ என்னவோ பூசியிருக்காங்க. உடனே துடைக்கணும்."

"சந்தனம் சார். பூஜைல்லா?"

"அது சரி அண்ணாச்சி. மேலேருந்து போன் மேல போன் வருது. டேட்டா வரலையாம்."

முப்பிடாதி அண்ணாந்து பார்த்தார். கம்பத்தின் உச்சியில் காற்றளக்கும் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. தூசி உறிஞ்சும் குழாயும் திறந்துதான் இருந்தது. பேச்சிக்கண்ணுவின் சந்தனம் அடைத்திருந்தது இடுப்புயரத்தில் வளையமாக இருந்த ஊசித் துளைகளை மட்டும்.

"காத்தாடிதான் சுத்துதே சார். பிறகு என்ன வரலையாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? துளையை அடைச்சிட்டாங்க, எடுங்கன்னு சொல்றாங்க."

"யாரு, சென்னை ஆபீஸா?"

"சென்னைக்கும் மேல. அவங்க மூஞ்சியை நானே பார்த்ததில்லை. என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க அண்ணாச்சி." அவன் ஈரத்துணியோடு முதல் கம்பத்தை நோக்கி ஓடினான்.

காற்றுக்கும் தூசிக்கும் அந்தத் துளைகள் எதற்கு? முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டார். நிலையத்தின் நான்கு மின்மாற்றிகளும் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டிருந்தன. முப்பத்து நான்கு வருஷமாக அந்த முனகலோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். மீட்டரைப் பார்க்காமலே எந்த லைனில் எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவார். கடற்படைத் துறைமுகத்துக்குப் போகும் லைனில் ஒரு கப்பல் வந்து கரை மின்சாரத்துக்கு ஒயரைச் செருகினால் சத்தம் கனத்துவிடும். ஆஸ்பத்திரி லைன் நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும்; அது ஆக்சிஜன் கம்ப்ரசர். இந்தக் காதைப் பற்றி ஊரில் அவர் அடித்துக்கொள்ளாத பெருமை இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் துளைகள் காதுகள். தனக்குக் கேட்பதெல்லாம் மூன்று வருஷமாக வேறு யாருக்கோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை அறியத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. இங்கே நின்று கேட்டால் போதும்.

அடுத்த நொடி மகளின் நினைப்பு வந்தது. அவருடைய ஒரே மகள் செல்வக்கனி கெல்மோராவில்தான் வேலை பார்க்கிறாள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிகளைக் கேட்டுப் பிரித்து எழுதுகிற வேலை. அப்பாவின் காது அவளுக்கு அப்படியே வாய்த்திருந்தது. அந்தக் காதுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள்.

அவர் பேச்சிக்கண்ணுவை ஓரமாக இழுத்தார். "ஏல, அந்த ஆளு துடைக்கக் கூடாது. என்ன செய்வியோ தெரியாது."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பிறகு சொல்லுதேன். அவரு துடைக்கத் துடைக்க நீ பின்னாலயே வச்சுக்கிட்டே போ."

*

கெல்மோராவின் பூங்கா அலுவலகத்தில் மகள் கனி தனியாக உட்கார்ந்திருந்தாள். விடுமுறை நாள் என்றாலும் இன்றைக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். அப்பா மூச்சு வாங்க நுழைந்ததைப் பார்த்து எழுந்தாள்.

"ஏட்டி, நீ தினமும் கேக்குறது எந்த எடத்துச் சத்தம்?"

"பூங்கா இன்வெர்ட்டர்னுதான் சொன்னாங்க. எது பழுதாகப் போவுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க."

"அவங்க சொன்னது இருக்கட்டும். உன் காது என்ன சொல்லுது?"

அவள் ஹெட்போனை மேஜையில் வைத்தாள். "நம்ம யார்டுதாம்ப்பா. மொத நாளே தெரிஞ்சுது. உங்க மூணாம் நம்பர் டிரான்ஸ்பார்மருக்குத் தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம் உண்டுல்லா? பக்கத்து எடத்துச் சத்தம் கலந்து வருதுன்னு நெனச்சேன். பிறகு பழகிப்போச்சு."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் யாரைத் திட்டுவது?

"என்னவெல்லாம் கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"கரண்டு போனா எத்தனை நொடியில டீசல் எஞ்சின் பிடிக்குதுன்னு குறிக்கச் சொன்னாங்க. போன மாசம் மூணு தடவை ஒரு நொடி போய் வந்ததே, அப்போ. துறைமுகம் ஏழு நொடி, ஆஸ்பத்திரி பதினொண்ணு, குடிதண்ணி நாப்பது."

அந்த மூன்று தடவைக்கும் காரணம் எழுத வேண்டிய ஏட்டில் 'காகம் அமர்ந்தது' என்று எழுதியவர் முப்பிடாதி. காரணம் தெரியாத எல்லாவற்றையும் காகத்தின் தலையில் கட்டுவது நிலையத்தின் வழக்கம். மூன்றும் நட்ட நடுப்பகலில், பூங்கா முழு வீச்சில் மின்சாரம் தரும் நேரத்தில் நடந்தவை என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஊர் எவ்வளவு சீக்கிரம் விழிக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

"போன வாரம் வேற ஒண்ணு கேட்டாங்கப்பா," என்றாள் கனி. "தினமும் மதியம் மூணு மணிக்கு எல்லா எடத்துலயும் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பாப்பாங்கள்லா? அந்தந்த லைன்ல பாரம் கொறையும், சத்தம் லேசாகும். மூணு வருஷத்துல எந்தெந்த நாள் அப்படிக் கொறையலன்னு கேட்டாங்க. வருஷத்துக்கு ஒரு நாள்தான் வந்துது. அவங்க காலண்டர்ல அது என்ன நாள்னு தெரியல போல. நான்தான் எழுதினேன்."

"என்னன்னு?"

"ஆயுத பூஜைன்னு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்றைக்கு எஞ்சின்களுக்கு ஓய்வு. மாலை போட்டு, பொட்டு வைத்து, தானாகக் கிளம்பும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மாலை கட்டுகிறவன் கை உள்ளே இருக்கும்போது எஞ்சின் துள்ளி எழக் கூடாதல்லவா? பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு போனால் மறுநாள் விஜயதசமிக்குத்தான் திறப்பு. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், துறைமுகத்திலும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் நிஜமாகவே ஒரு காகம் உட்கார்ந்து லைன் போனது. முப்பத்தெட்டு நிமிஷம் பிரசவ வார்டில் நர்சுகள் பச்சைக் குழந்தைகளுக்குக் காற்றுப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். அதையும் யாரோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"பூங்கா மொத்தமும் ஒரே நொடியில கரண்டை நிறுத்திக் கையை எடுத்துச்சுன்னா?" என்றாள் கனி மெதுவாக.

"எடுத்து எடுத்து வச்சா இன்னும் மோசம். மெயின் லைன் தாங்காது. அஞ்சு மாவட்டம் போயிரும், திரும்ப ஏத்த ஒரு முழு நாள் ஆவும். எஞ்சின் இருந்தா சமாளிக்கலாம். இன்னைக்கு ஒரு எஞ்சினும் இல்ல." சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. "சுவிட்சு எங்க இருக்கு? இங்க அணைக்க முடியாதா?"

"இங்க ஒண்ணும் இல்லப்பா. கிஷோர் சாருக்கே லைட்டு, ஃபேன் சுவிட்சு மட்டும்தான். எல்லாம் அங்கேருந்துதான்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்தவர் காவலாளி. "எலக்ட்ரீசியன் பூஜை முடிச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு சார். சாவி அவர்கிட்ட. நாளைக்குத்தான் வருவாரு."

"பூட்டை உடைங்க."

"நீங்க யாரு சார்?"

துறைமுகத்தில் யாரும் எடுக்கவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டதாகச் சொல்லி, பூஜை வாழ்த்தும் சொல்லி வைத்தார். பேச்சிக்கண்ணுவை அழைத்தபோது பின்னணியில் பெரிய வாக்குவாதம் கேட்டது.

"சாமிக்கு வச்சதைத் துடைக்கலாமான்னு நம்ம ஆளுங்க சுத்தி நின்னு கேக்காங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நாலு கம்பம் துடைச்சுட்டாரு. மூணுல திரும்ப வச்சுட்டேன். சந்தனம் தீந்துபோச்சு, இப்போ களிமண்ணு."

மூன்று மணி ஆனது. மூன்று பதினைந்தும் ஆனது. கனியின் திரையில் ஒரு பெட்டி திறந்தது. இன்றைய மூன்று மணி ஒலி தெளிவாக இல்லை, இயந்திரத்தால் முடிவு சொல்ல இயலவில்லை, கேட்டு உறுதி செய்யவும். துறைமுகம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எஞ்சின் ஓடியதா, எத்தனை நிமிஷம் என்று ஒரு கேள்வி. கீழே கறுப்பு எழுத்தில் அவள் முழுப் பெயர். மேலே ஐந்து நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

கனி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். சந்தனத்துக்குப் பின்னாலிருந்து வந்த முனகல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. எந்த லைனும் லேசாகவில்லை. எஞ்சின் எதுவும் ஓடவில்லை.

"தொடாத, எந்திரி," என்றார் முப்பிடாதி. "உன் பேரு போட்டிருக்கு. வீட்டுக்குப் போவோம் வா."

"பதில் போடலன்னா?"

"வேற யாரையாவது கேப்பாங்க."

"இல்லன்னா அந்தக் கம்பத்துல ஒண்ணைத் துடைச்சுட்டு அவங்களே கேட்டுக்குவாங்க." அவள் மறுபடி உட்கார்ந்தாள். "இத்தனை நாளும் உண்மையை எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளாச்சும் உருப்படியா ஒரு பொய் எழுதுதேன்."

துறைமுகம்: ஓடியது, பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி: ஓடியது. அங்கே அவள் விரல் நின்றது. "எல்லாத்துக்கும் பத்துன்னு போட்டா நம்ப மாட்டாங்க," என்று ஒன்பது என்று எழுதினாள். குடிதண்ணீருக்குப் பன்னிரண்டு. அனுப்பினாள்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பாவும் மகளும் சுவரோடு இருந்த இன்வெர்ட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த நேரம் எத்தனை குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் என்று முப்பிடாதி எண்ணிப் பார்த்து, எண்ணாமல் விட்டார். அவருக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. மூன்று இருபத்திரண்டுக்குத் திரை ஒளிர்ந்தது.

'இன்றைய சோதனை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.'

"ஒண்ணும் நடக்கல," என்றார் முப்பிடாதி. "ஒண்ணுமே நடக்கலட்டி. கம்பத்தைப் பிடுங்க நான் ஏதாவது காரணம் கண்டுபிடிக்கேன். நீ இந்த வேலையை விட்ரு. நம்ம யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வருமேப்பா."

*

விஜயதசமி அன்று காலையிலேயே இருவரும் போலீஸில் போய்ச் சொன்னார்கள். அதற்குள் பன்னிரண்டு கம்பங்களும் பராமரிப்புக்கு என்று லாரி ஏறிப் போயிருந்தன. புதிதாக வந்து நின்ற கம்பங்களில் காற்றாடியும் தூசிக் குழாயும் மட்டுமே இருந்தன. கிஷோருக்கு மாற்றல் ஆகிவிட்டது. எந்த ஊருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. சோதனை என்றால் என்ன சோதனை என்று கம்பெனியைக் கேட்டார்கள். மென்பொருள் சோதனை என்று பதில் வந்தது. பூங்காவை மூடிவிடலாமே என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். மூடினால் அஞ்சு மாவட்டத்துக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று இன்னொருவர் கேட்டதும் கூட்டம் டீ குடிக்கக் கலைந்திருக்கிறது.

நடக்காத ஒன்றை நிரூபிப்பது எப்படி? நடந்ததற்கு மட்டும் ஆதாரம் இருந்தது. துறைமுகத்தின் மூச்சையும் ஆஸ்பத்திரியின் மூச்சையும் கேட்டு எழுதிய நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் மு. செல்வக்கனி என்ற பெயரோடு. நாட்டின் ரகசியத்தை வெளியாருக்குக் கொடுத்ததாக வழக்கு. பத்தொன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். முப்பிடாதி வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். நாட்டைக் காட்டிக் கொடுத்தவனின் மகள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், பூங்காவில் வேலை பார்க்கும் நானூறு பேர் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தவள் என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. பெயர்ப்பலகை இல்லாத கட்டடம். வித்யாதரன் என்ற அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார். முப்பிடாதி அந்த மரியாதையை நம்பவில்லை.

"உங்க குறிப்பு எல்லாத்தையும் படிச்சேன்மா," என்றார் கனியிடம். "எங்க இயந்திரங்களை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தோம். நூத்துக்கு இருபது இடத்துல இயந்திரம் தப்பு, நீங்க சரி. இப்படி ஒரு காது எங்களுக்குக் கிடைக்கல."

"நன்றி சார். கேஸ் என்ன ஆவும்?"

"அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். கேஸ் இல்லாமப் போகலாம்." அவர் லேப்டாப்பைத் திருப்பினார். "உலகத்துல நிலம் வாங்குறது அவங்க மட்டும் இல்லைங்களே. நமக்கு வேண்டிய ஒரு கம்பெனி ஒரு நாட்டுல காய்கறிப் பண்ணை வெச்சிருக்கு. பக்கத்துல ஒரு துணைமின் நிலையம். வேலியோரமா சில கம்பம் நட அங்க ஒருத்தர் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கார்."

முப்பிடாதி காபியை வைத்துவிட்டார்.

"எந்த நாடு சார்?" என்றாள் கனி.

"அது உங்களுக்கு வேண்டாம். கேட்டு எழுதினாப் போதும். அவங்க நமக்குப் பண்ணப் பார்த்ததை நாமளும் தெரிஞ்சு வெச்சிருக்கணும், அவ்வளவுதான். பயன்படுத்தப் போறோம்னு யார் சொன்னா?" அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். "ஒரு பத்து நிமிஷம் கேட்டுப் பாருங்க."

முனகல் அறையை நிறைத்தது. நம் ஊர் மின்மாற்றியைவிடச் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது; ஆனால் அதே அடிவயிற்றுச் சத்தம். முப்பிடாதி தன்னை அறியாமலே கண்ணை மூடிக்கொண்டார். மூன்று லைன். ஒன்றில் பாரம் நிலையில்லாமல் ஆடுகிறது, ஏதோ ஆலை. ஒன்று வீடுகள். மூன்றாவது சீராகப் போய்க்கொண்டிருந்தது, பிறகு லேசாக ஏறி இறங்கியது. அவர் காத்திருந்தார். மறுபடியும் ஏறி இறங்கியது. யாரோ ஒரு ஃபோர்மேன் அங்கே இந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பான், அவனுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

சத்தம் நின்றது. வித்யாதரன் பேனாவைத் திறந்தார். "என்ன கேக்குது? தோணுறதைச் சொல்லுங்க."

கனி மேஜைமேல் இருந்த தன் வழக்குக் கோப்பைப் பார்த்தாள். அது தடிமனாக இருந்தது.

"ஒண்ணும் வெளங்கல சார். வெறும் இரைச்சலா இருக்கு."

"நாலாயிரம் தடவை விளங்கிச்சே?"

"அது பழகின சத்தம் சார். இது பழக்கமில்ல."

வித்யாதரன் முப்பிடாதியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அவங்க காது உங்ககிட்டேருந்து வந்ததுதானே. மகள் வாழ்க்கை இதுல இருக்கு."

இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? மூன்றாவது லைன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மகள் நாளைக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்கு வயசாச்சு சார்," என்றார். "கொஞ்ச நாளாக் காதே சரியாக் கேக்கல."

அதிகாரி பேனாவை மூடினார். வழக்கு வருகிற பன்னிரண்டாம் தேதி என்றும், அதற்குள் காது சரியானால் தெரிவிக்கலாம் என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நிறையக் கூட்டம். இருவரும் ஒரு தூணோரமாக நின்றார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் கனி கேட்டாள்.

"மூணாவது லைன்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஏறி இறங்குது, என்னப்பா?"

"ஆமா," என்றார் முப்பிடாதி. "பெரிய ஆஸ்பத்திரி."